பூட்டுக்காரரின் ஒற்றைப் பிரதி

12-4-2012. பழைய லேப்டாப், ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிது: 14,500
3-9-2014. மூடி விஷயமாகச் செய்த மாற்றம்: மைத்துனர் காசு வாங்கவில்லை
5-9-2014. பதினோரு மி.மீ. டிரில் பிட் ஒன்று: 85
17-1-2017. கழற்றிப் பார்த்த கூலி: கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை
20-1-2017. ஆய்வகத்துக்குப் பார்சல்: 640
21-1-2017. சாவிக்குத் தனித் தபால்: 45

தொகையாகக் கூட்டினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஆறு வரிகளுக்கு இடையில் ஒரு மனிதர் தம் மனைவியின் தம்பியைத் திருடன் என்று நினைத்தார். இருநூற்றுப் பதினாறு பெண்களின் அறைக் கதவுகள் திறந்து கிடப்பதாக நினைத்து ஆறு வாரம் சோறு இறங்காமல் கிடந்தார்.

அவர் பூட்டுக்காரர். முப்பது வருடத்துக்கு மேலாக அதே எட்டடிக் கடை. சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் வெட்டப்படாத சாவிகள், மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டகம், அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை. பூனை யாருடையது என்று தெரியாது. 2014ஆம் வருடக் கடைசியில், குளிர் ஆரம்பித்த நேரத்தில், காற்றுத் துவாரம் வழியாக வந்தது. பெட்டகத்தின் மேல் படுத்தது. போகச் சொன்னால் கேட்கவில்லை. கடைக்குள் பூட்டுக்காரர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அதுதான். அதுவும் முதல் ஆறு மாதத்துக்குப் பிறகுதான்.

சாயங்காலம் கடை அடைப்பதைப் பார்க்க வேண்டும். ஷட்டரை இறக்கி ஒரு பூட்டு, குறுக்குக் கம்பிக்கு இன்னொரு பூட்டு. மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போவார். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். பக்கத்துக் கடைத் தையல்காரர் அவருக்கு ‘டபுள்லாக்’ என்று பேர் வைத்திருந்தார்.

“டபுள்லாக் அண்ணே, உள்ள நீங்க இல்லதானேன்னு ஒரு தடவ பாத்துட்டுப் பூட்டினீங்களா?”

“நீ உன் ஊசிய எண்ணி வெச்சியா? அதப் பாரு போ.”

கடைக்குள் ஒரு பலகை தொங்கியது: ‘சாவிக்காரர் நேரில் இல்லாமல் இரண்டாவது சாவி வெட்டப்படாது.’ இந்த விதியை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. சொந்தத் தங்கை போனில் கெஞ்சியபோதும் மீறவில்லை. இரண்டாவது சாவி என்று ஒன்று உலகத்தில் வந்துவிட்டால், அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும் என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியை அவர் லேப்டாப்புக்கும் பொருத்தினார். கதை முழுக்க அந்த ஒரு தவறில்தான் நிற்கிறது.

இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. மூன்று மாடி, இருநூற்றுப் பதினாறு அறைகள். எல்லாப் பூட்டும் இவர் போட்டவை. பூட்டுக்குள் சின்னச் சின்ன பின்கள் ஆறு இருக்கும். ஒவ்வொன்றின் உயரத்துக்கும் ஓர் எண். ஆக ஓர் அறைக்கு ஆறு எண்கள். அந்த எண்கள் தெரிந்தால், பூட்டைக் கண்ணால் பார்க்காமலே சாவி வெட்டிவிடலாம். விடுதியில் மாற்றுச் சாவி வைத்துக்கொள்வதில்லை. முன்பு ஒரு வேலையாள் அதை எடுத்து ஏதோ வம்பாகிவிட்டது. யாராவது சாவியைத் தொலைத்தால் வார்டன் அம்மா அறை எண் எழுதிச் சீட்டு அனுப்புவார். இவர் லேப்டாப்பில் அட்டவணையைத் திறந்து, எண்களைச் சாவி வெட்டும் மெஷினுக்கு அனுப்புவார். மூன்று நிமிடத்தில் சாவி தயார்; அதை அவரே கொண்டுபோய் அந்தப் பெண் கையில் கொடுப்பார். ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: அட்டவணை வெளியாள் கைக்குப் போனதாகத் தெரிந்தால், எல்லாப் பூட்டையும் பூட்டுக்காரர் சொந்தச் செலவில் மாற்றித்தர வேண்டும். இருநூற்றுப் பதினாறு பூட்டு. கடையை விற்றாலும் காணாது.

அட்டவணைக்கு ஒரே பிரதி. அந்த லேப்டாப்பில் மட்டும். இணையத் தொடர்பு கிடையாது. காகிதத்தில் கிடையாது.

அந்த லேப்டாப்பை விற்ற மைத்துனர், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

“மாமா, ஒரு பென் டிரைவ்ல போட்டு அக்காகிட்ட குடுத்து வைங்க. ஹார்ட் டிஸ்க் சொல்லிட்டுப் போகாது. இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும்.”

“உங்க அக்காகிட்டயா? வீட்டுச் சாவிய உப்பு ஜாடியில வெச்சுட்டு ஊரெல்லாம் தேடினவ.”

“அப்ப என்கிட்ட குடுங்க.”

பூட்டுக்காரர் சிரித்தார். ஆனால் அந்த மூன்று வார்த்தைகளையும் மனதில் ஒரு கொக்கியில் மாட்டி வைத்தார். அவன் எதற்குக் கேட்கிறான்?

லேப்டாப்பையும் அவர் சும்மா விடவில்லை. வாடிக்கையாளர் யாராவது கடைக்குள் தலையை நீட்டினால், எண்களைப் பார்த்துவிடக் கூடாதென்று பட்டென்று மூடியை மூடுவார். மூடினால் அது தூங்கிப் போகும், மெஷின் பாதிச் சாவியில் நிற்கும், சாவி வீணாகும். அதனால்தான் 2014இல் மைத்துனரைக் கூப்பிட்டு, மூடியை மூடினாலும் வேலை ஓடும்படி மாற்றச் சொன்னார்.

“மாத்திட்டேன் மாமா. ஆனா சாயங்காலம் நீங்களே ஆஃப் பண்ணிடணும். சரியா?”

“சரி, சரி.”

ஆஃப் செய்தால் காலையில் திறக்கும்போது பாஸ்வேர்டு போட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் எட்டிப் பார்ப்பார். அதனால் அவர் ஆஃப் செய்யவில்லை. வேலை முடிந்ததும் அதுவே தூங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டார். மூடி, பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார். பேட்டரி பழசாகி அடிக்கடி இறங்கியதால், பெட்டகத்தின் பின்பக்கம் ஒரு துளை போட்டு சார்ஜர் வயரை உள்ளே விட்டார். துளையைத் தம் கையாலேயே போட்டார். வெளியாள் வந்தால் பெட்டகத்தின் தகடு எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடுமல்லவா.

2016 டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை பெட்டகத்தைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக். யாரோ உள்ளே உட்கார்ந்து நகத்தால் தட்டுவது போல.

பூட்டுக்காரர் அசையாமல் நின்றார். முப்பது வருடம் பூட்டுக்குள் விழும் பின்களின் சத்தத்தைக் கேட்டே பிழைத்த காது அது. இந்தச் சத்தம் லேப்டாப்புக்கு உரியதல்ல என்று அந்தக் காது சொன்னது. அப்படியானால் யாரோ எதையோ உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியை எடுத்து அடிப்பக்கத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின் விளிம்பில் கீறல். மைத்துனர் 2014இல் திருகியதா, போன வாரம் யாரோ திருகியதா? கீறலுக்கு வயது சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் மூடிக்கு இடையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து மூடினார். யாராவது திறந்தால் விழுந்துவிடும். மறுநாள் காகிதம் வைத்த இடத்தில் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் அவருக்குக் காகிதத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. இது அதே காகிதமா?

அதற்குள் அட்டவணை திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. தாம் படிக்கும் அதே நேரத்தில் இன்னொருவரும் படிக்கிறார், அதனால்தான் மெதுவாகிறது என்று முடிவு கட்டினார். கடையைத் துடைக்க வந்த மனைவியைப் பெட்டகத்துக்குப் பக்கத்தில் விடவில்லை.

“நானே துடச்சுக்கறேன்.”

“முப்பது வருஷமா தொடப்பம் எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன். என்ன ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆகலன்னு நீங்க சொன்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்.”

ஜனவரி பதினாறு, திங்கட்கிழமை. மூடியைத் திறந்தார். கறுத்த திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி, டிஸ்க் எதுவும் இல்லை என்று. டிக், டிக் மட்டும் விடாமல் கேட்டது. அணைத்தார், போட்டார். மறுபடி அதே வரி.

நேரம் காலம் தெரியாமல் அப்போதுதான் விடுதியிலிருந்து சீட்டு வந்தது. அறை எழுபத்து மூன்று, சாவி தொலைந்தது.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். எழுபத்து மூன்றின் முன்னால் அந்தப் பெண் அலுவலகப் பையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் வார்டன் அம்மா, கழுத்தில் கயிற்றில் மூக்குக் கண்ணாடி. பூட்டுக்காரர் கம்பியை விட்டுப் பூட்டைத் திறந்தார். கழற்றினார். பின்களை ஒரு கைக்குட்டையில் கொட்டி, ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். முக்கால் மணி நேரம். வார்டன் அம்மா நாற்காலி கூடப் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்பவும் சாவியோடதானே வருவீங்க பூட்டுக்காரரே? இன்னைக்கு என்ன, கம்பியோட வந்திருக்கீங்க?”

“மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா.”

“மெஷின் மக்கர் பண்ணா சாவி வெட்ட முடியாது, சரி. எண்ணை எதுக்கு இப்ப அளக்கறீங்க? எண்ணு உங்ககிட்ட இருக்குமே.”

அவர் அடுத்த பின்னை எடுத்து அளந்தார். வார்டன் அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“அட்டவணை எங்க இருக்கு?”

“லேப்டாப்ல.”

“லேப்டாப்?”

“திறக்கல.”

“ஒரு நகல்கூடவா இல்ல?”

“நகல் வெச்சிருந்தா என்னை நம்பி நீங்க வேலை குடுத்திருப்பீங்களா?”

அது நியாயமான கேள்வி. அதனாலேயே வார்டன் அம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. “ஒப்பந்தம் புதுப்பிக்கப் போற நேரத்துலயா இது நடக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் மைத்துனர் கடைக்கு வந்தார். லேப்டாப்பைத் தம் கடைக்கு எடுத்துப் போகக் கேட்டார். பூட்டுக்காரர் கொடுக்கவில்லை.

“இங்கயே பாரு. என் கண் முன்னாடி பாரு.”

“ஆபரேஷன நடுவீட்ல பண்ணச் சொல்றீங்க. சரி.”

மைத்துனர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு வயரால் தம் லேப்டாப்போடு இணைத்தார். டிக், டிக் என்றது. இரண்டு தடவை பிடுங்கிச் செருகினார். மூன்றாம் தடவை சத்தம் அடங்கி, திரையில் ஏதோ வரிகள் வந்தன.

“உயிர் இருக்கு மாமா. ஆனா உடம்பு ரொம்ப நாளா சரியில்ல. இது முன்னாடியே டிக் டிக்னு சொல்லலையா?”

“சொல்லுச்சு.”

“எப்பலேர்ந்து?”

“மூணு வாரமா.”

“மூணு வாரமா நீங்க என்ன பண்ணீங்க?”

திருகாணியில் கீறல் தேடினேன் என்று எப்படிச் சொல்வது? “கவனிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

“அந்தச் சத்தம் கேட்டா மொத வேலையா இருக்கறத வேற இடத்துல எடுத்து வெச்சுடணும் மாமா. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.” மைத்துனர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். “இது என்ன, இருபத்தி ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம் ஓடியிருக்கு?”

“எது?”

“இந்த டிஸ்க்தான். எவ்வளவு நேரம் ஓடினோம்னு அதுவே எண்ணி வெச்சுக்கும், ஆட்டோ மீட்டர் மாதிரி.”

பூட்டுக்காரர் ஓர் உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மாதம் இருபத்தாறு நாள், ஐம்பத்தேழு மாதம். நாலாயிரத்து நானூற்று நாற்பத்தாறு. இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தார். அதே விடை. அப்படியானால் மீதிப் பதினெட்டாயிரம் மணி நேரம் இதை ஓட்டியது யார் கை?

தலையை நிமிர்த்தினார். மைத்துனரின் திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

“என்ன பண்ற?”

“காப்பி எடுக்கறேன். மூச்சு இருக்கறப்பவே...”

பூட்டுக்காரர் கையை நீட்டி வயரை உருவிவிட்டார்.

ஹார்ட் டிஸ்க் மூன்று தடவை தட்டியது. பிறகு கரும்பலகையில் நகம் உரசியதைப் போல ஒரு கீச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. மைத்துனர் அவசரமாக மறுபடி செருகினார். மறுபடி. மறுபடி. திரையில் எதுவும் வரவில்லை.

“ஏன் மாமா உருவினீங்க?”

“என் அட்டவணை உன் மெஷினுக்கு எதுக்குப் போகுது?”

“காப்பின்னா வேற எங்க போகும்? ஆகாயத்துக்கா?”

“பதினெட்டாயிரம் மணி நேரம் என் மெஷின ஓட்டினது யாரு?”

மைத்துனருக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். கடைசி ஒன்றை வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னார்: “அக்கா வெளிய உக்காந்திருக்கா. அதனால பேசாமப் போறேன்.”

வெளியே கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. தம்பி போகும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: “அடுத்தது யாரு? நானா?”

அவர் இல்லை என்று சொல்லத் தாமதித்தார். அந்தத் தாமதத்தை அவள் நெடுநாள் மறக்கவில்லை.

பதினெட்டாம் தேதி விடுதிக் குழுவின் கடிதம் வந்தது. அட்டவணை பழுதாகிப் போனதா, களவு போனதா என்பதை பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் சான்றோடு தெரிவிக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தத்தின் அந்த வரி நடைமுறைக்கு வரும்.

பழுதான டிஸ்க்குகளை ஆராயும் ஆய்வகம் ஒன்று வெளியூரில் இருந்தது. அங்கே அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை. மீட்டால் அவர்கள் பார்ப்பார்கள். மீட்காவிட்டால் இவர் ஒழிந்தார். கடைசியில் டிஸ்க்கைப் பஞ்சில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, தாமே செய்த பூட்டு ஒன்றைப் போட்டு அனுப்பினார். சாவியை மறுநாள் தனித் தபாலில், வேறு அஞ்சலகத்திலிருந்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தாள்.

“ஐயா, ஆய்வகத்துலேர்ந்து பேசறேன். உங்க பெட்டி வந்திருக்கு. பூட்டியிருக்கு.”

“சாவி தனியா வருது.”

“எதுக்குங்க தனியா?”

“ரெண்டும் ஒரே ஆள் கையில கிடைச்சுட்டா?”

“ரெண்டும் எங்ககிட்டதானே ஐயா வரப் போகுது.”

அதுவரை பெட்டியைத் தனி அலமாரியில் வைக்கச் சொன்னார்.

பிப்ரவரி நகர்ந்தது. மைத்துனர் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பூட்டுக்காரர் ஒரு தாளில் ஆட்களை எழுதினார்: மைத்துனர், தையல்காரர், மின்கட்டணம் பார்க்க வருபவர், போட்டிக் கடைக்காரர். ஒவ்வொருவருக்கும் பதினெட்டாயிரத்தைப் பங்கு போட்டுப் பார்த்தார். யாருக்கும் பொருந்தவில்லை. பெட்டகத்தின் சாவி தூங்கும்போதும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

பிப்ரவரி நடுவில் ஒரு மத்தியானம் மனைவி துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“பூனை இப்பல்லாம் பெட்டி மேல படுக்கறதில்ல. பாத்தீங்களா?”

பார்த்தார். பூனை வாசலில் வெயிலில் கிடந்தது. “யாராவது விரட்டியிருப்பாங்க.”

“ஆமா, பூனைக்கும் ஆள் அனுப்பியிருப்பாங்க. அது குளிருக்காகத்தான் அங்க படுத்துது. இந்தப் பெட்டி எப்பவும் கதகதன்னு இருக்கும். நான் தொடைக்கற துணிய இது மேலதான் காயப்போடுவேன். காலைல பாத்தா மொறமொறன்னு இருக்கும். இப்ப ஒரு மாசமா ஈரம் போக மாட்டேங்குது.”

பூட்டுக்காரர் எழுந்து வந்து பெட்டகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். இரும்பு சில்லென்றிருந்தது. குனிந்து பின்பக்கத்துத் துளையைப் பார்த்தார். சார்ஜர் வயர் இன்னும் அதில் தொங்கியது. ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார்.

“என்ன, முதுகு பிடிச்சுக்கிச்சா?” என்றாள் மனைவி.

பிப்ரவரி இருபத்திரண்டு, ஆய்வகத்திலிருந்து தகரப் பெட்டி திரும்பி வந்தது. அதே பூட்டு போட்டிருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘அறிக்கை உள்ளே. சாவி தனித் தபாலில்.’

இரண்டு நாள் காத்திருந்தார். சாவி வரவில்லை. மனைவி பெட்டியை ஆட்டிப் பார்த்தாள்.

“உங்க பூட்டுதானே. திறங்களேன்.”

“இது கம்பிக்குத் திறக்காது. அப்படித்தான் செஞ்சேன்.”

“இருபத்தெட்டு வந்துடும்.”

கம்பியை எடுத்தார். பதினோரு நிமிடத்தில் திறந்துவிட்டது. அவர் முகம் தொங்கியது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல் தடவையாக.

அறிக்கை ஒரே பக்கம். டிஸ்க்கின் முத்திரை கிழியவில்லை. யாரும் திறந்த அடையாளம் இல்லை. ஓடிய நேரம் 22,914 மணி. தொடங்கப்பட்டது 768 முறை. பதிவான உச்ச வெப்பம் 63 பாகை. படிக்கும் முனை சிதைந்து, உள்ளே சுழலும் தட்டைச் சுரண்டியிருக்கிறது. தகவல்களை மீட்க இயலவில்லை.

அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே மைத்துனர் கடைக்கு நடந்தார். உள்ளே போகாமல் வாசலில் நின்று நீட்டினார். மைத்துனர் நின்றபடியே படித்தார்.

“எழுநூத்தி அறுபத்தெட்டு தடவதான் போட்டிருக்கு. இருபத்தி ரெண்டாயிரம் மணி நேரம் ஓடியிருக்கு. அப்ப ஒரு தடவ போட்டா முப்பது மணி நேரம். மாமா, திருட வந்தவன் முப்பது மணி நேரம் உக்காந்தா திருடுவான்?”

“இல்ல.”

“இது நிக்கவே இல்ல. மூடினதும் தூங்குதுன்னு நெனச்சீங்களா? தூங்காதேன்னு நீங்கதான் என்னை மாத்தச் சொன்னீங்க.”

“தெரியும்.”

“இரும்புப் பெட்டிக்குள்ள, காத்து இல்லாம, ராத்திரி பூரா...”

“தெரியும்னு சொல்றேனில்ல.” பூட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “அந்தப் பெட்டிக் கதவ நான் தினமும் காலால உதச்சுத்தான் மூடுவேன். இறுக்கமா இருக்கும்.”

“ஓடிக்கிட்டிருக்கறப்பவா?” மைத்துனர் தலையில் கை வைத்தார். “அன்னைக்கு இந்தத் தொடக்கக் கணக்கு அடுத்த வரியிலதான் இருந்துது மாமா. படிக்கறதுக்குள்ள உருவிட்டீங்க.” உள்ளே போய் ஒரு பென் டிரைவோடு வந்தார். “நீங்க உருவறதுக்குள்ள என் மெஷினுக்கு வந்தது இவ்வளவுதான். பூட்டுக் கம்பெனி விலைப்பட்டியல், பதினாலு பக்கம். அழிக்கவா, வெச்சுக்கவா?”

“வெச்சுக்கோ,” என்றார் பூட்டுக்காரர். பிறகு, “உள்ள வரலாமா?” என்றார்.

“அதுக்குப் பூட்டே இல்ல, வாங்க.”

இருபத்தெட்டாம் தேதி விடுதிக் குழுவின் முன்னால் அவர் சுற்றி வளைக்கவில்லை.

“அத யாரும் திருடலம்மா. நான்தான் வேக வெச்சேன்.”

சார்ஜர் வயர், துளை, மூடி, பூனை எல்லாவற்றையும் சொன்னார். குழுவில் ஒருவர் பூனை என்றதும் சிரித்தார். வார்டன் அம்மா சிரிக்கவில்லை. அறிக்கையை இரண்டு தடவை படித்தார். முப்பது மணி நேரக் கணக்கைத் தாமே ஒரு தடவை வகுத்துப் பார்த்தார்.

“நம்பறேன்,” என்றார். “முழுசா இல்ல. வெளி வாசல் பூட்டு ஆறையும் உங்க செலவுல மாத்துங்க. இருநூத்திப் பதினாறு அறைப் பூட்டையும் கழட்டி, அளந்து, புதுசா அட்டவணை போடுங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு மட்டும். இனி ரெண்டு பிரதி.”

இரண்டு பிரதி என்றதும் பூட்டுக்காரருக்கு மறுபடி தூக்கம் போயிற்று. ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு டிஸ்க்கில் அறை எண்ணும் பூட்டின் வரிசை எண்ணும். இன்னொன்றில் பூட்டின் வரிசை எண்ணும் பின்களின் அளவும். ஒன்று மட்டும் கிடைத்தால் எவனுக்கும் பிரயோஜனமில்லை.

மைத்துனர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்ல யோசனைதான். ஆனா இதுல ஒரு பாதி செத்தா முழுசும் செத்த மாதிரி. அப்ப நாலு வேணும்.”

“நாலா?”

“நாலு. மாசம் ஒரு தடவ நாலையும் போட்டுப் பாக்கணும், உயிரோட இருக்கான்னு. லேப்டாப்ப மேசை மேல வைங்க, அடியில காத்து போகட்டும். சாயங்காலம் ஆஃப் பண்ணுங்க, விளக்கு அணையற வரைக்கும் தொடாதீங்க. அப்புறம் எங்க வேணாலும் பூட்டிக்கோங்க.”

“பாஸ்வேர்டு போடறப்ப?”

“தையல்காரர் பக்கம் முதுகத் திருப்பிக்கோங்க.”

நான்கு வாங்கி, அதுவரை அளந்ததை ஏற்றினார். முதல் பாதி ஒன்று வார்டன் அம்மாவிடம், மற்றது பெட்டகத்தில். இரண்டாம் பாதி ஒன்று மைத்துனரிடம், மற்றது மனைவியிடம்.

“இதுல என்ன மாமா இருக்கு?” என்றார் மைத்துனர், தெரியாதவர் போல.

“உனக்குப் புரியாதது இருக்கு.”

மனைவி தன்னுடையதை வாங்கிக்கொண்டு, “உப்பு ஜாடியில வெக்க மாட்டேன், பயப்படாதீங்க,” என்றாள். எங்கே வைத்தாள் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டுப் பார்த்தார். “யாருக்கும் தெரியாம இருந்தாத்தானே பத்திரம்?” என்றாள்.

மார்ச் முதல் தேதியிலேயே பூட்டுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். கைக்குட்டையை விரித்து, பின்களைக் கொட்டி, அளந்து, எழுதி. பக்கத்தில் நாற்காலியில் வார்டன் அம்மா, கண் இமைக்காமல். இரண்டாம் மாடி நடைபாதையில் அவர் உட்கார்ந்திருந்தபோது மனைவி படியேறி வந்து ஓர் உறையை நீட்டினாள். ஆய்வகத்திலிருந்து வந்தது. ஓரத்தைக் கிழித்தார். உள்ளே தகரப் பெட்டியின் சாவி, ஒரு சீட்டில் சுற்றி. ‘ஐயா, தாங்கள் செய்தபடியே நாங்களும் செய்தோம்.’

பூட்டுக்காரர் சாவியை எடுத்துப் பையில் போடவில்லை. முதலில் உறையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, யாராவது பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். ஒட்டவில்லை என்று உறுதியானதும், உறையின் மூலையில் பென்சிலால் எழுதினார்: வந்தது, 6-3-2017.